லண்டனுக்கு ஒரு சனிக்கிழமை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள், ஆனால் முழுசாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலேயே பார்த்தவன்தானே!

மூன்று வாரமாக நம்ம பழையசீவரத்தில் ஒரு போட்டோவைப் பற்றிப் பேச்சு. நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி நவம்பர் 15, சனிக்கிழமை லண்டனில் எடுத்துக்கொண்ட படம். பின்னால் பெரிய மணிக்கூண்டு, பக்கத்தில் சிவப்பு மாடி பஸ், முன்னால் கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக இவள். பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், வெளியூர் நண்பர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவளிடமும் அவள் அப்பாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

படத்தை அவள் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அம்மா சந்தோஷத்தில் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் போட்டார். அங்கிருந்து தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து டீக்கடைக்கு. "வீட்டுப் பத்திரம் பேங்க்ல, பொண்ணு லண்டன்ல ஊர் சுத்துது" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அப்பா காதில் விழுந்துவிட்டது.

அவர் ஒரகடம் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார். அவரும் என் மாணவர்தான். மகளும் என் மாணவி. கிராமத்தில் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தால் இப்படித்தான், இரண்டு தலைமுறைக்கும் ஒரே ஆள் பிரம்பு. ஒரு ராத்திரி ஷிப்ட் முடிந்து வேனை நிறுத்திவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"உட்காருப்பா முதல்ல. காபி குடி. அப்புறம் கணக்குப் போடுவோம்" என்றேன். எனக்குச் சமூக அறிவியல்தான் பாடம். இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். காரணம், அந்தச் சனிக்கிழமை அவள் எனக்கு போன் செய்திருந்தாள்.

அவள் படிப்பது லண்டனில் இல்லை, லெஸ்டரில். நம்மில் பலருக்கு இங்கிலாந்து என்றாலே லண்டன்தான். லெஸ்டர் லண்டனிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரம். குஜராத்திகள் நிறைய இருக்கிற ஊர். தீபாவளிக்குத் தெருவெல்லாம் விளக்குப் போடுவார்கள். வரலாறு படித்தவர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. 1485இல் போரில் செத்த மூன்றாம் ரிச்சர்ட் என்ற ராஜாவின் எலும்புகளை 2012இல் அந்த ஊர் கார் நிறுத்துமிடம் ஒன்றுக்கு அடியில் தோண்டி எடுத்தார்கள். தோண்டியதில் லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களுக்குப் பெரிய பங்கு. அவள் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு அனுப்பிய முதல் செய்தி அந்த ராஜா கல்லறைப் படம்தான். "சார், உங்களுக்குத்தான்" என்று எழுதியிருந்தாள்.

வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கிற பெற்றோர் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். மாணவர் விசா கேட்கும்போது லண்டனுக்கு வெளியே படிக்கிறவர்கள் மாதம் 1,136 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 10,224 பவுண்டு கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இவள் போன நேரத்துக் கணக்கு அது, இப்போது இன்னும் ஏற்றிவிட்டார்கள். ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய், 28 நாள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். இது படிப்புக் கட்டணத்துக்கு மேல். மருத்துவ வசதிக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மீறினால் விசாவுக்கே ஆபத்து.

அவள் ஒரு கடையில் ராத்திரி நேரத்தில் அலமாரி அடுக்குகிற வேலை செய்கிறாள். 21 வயது நிரம்பியவர்களுக்கு அங்கே 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். வாரம் 20 மணி நேரம் முழுசாகக் கிடைத்தால் 244 பவுண்டு. எல்லா வாரமும் கிடைக்காது. அதில்தான் வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறார்கள். நம்ம ஆட்கள் பார்த்துப் பெருமூச்சு விட்ட அந்தக் கறுப்பு ஜாக்கெட் அறைத்தோழியுடையது. ஒரு நாள் இரவல்!

இப்போது லண்டன் போன கணக்கு. இரண்டு மாதம் முன்னாடியே பதிவு செய்ததால் பஸ்ஸில் போக வர 15 பவுண்டு. லண்டனுக்குள் இரண்டு தடவை டவுன் பஸ், ஒரு தடவைக்கு 1 பவுண்டு 75 பென்ஸ். அங்கே டவுன் பஸ்ஸில் 2014இலிருந்து காசே வாங்குவதில்லை, கார்டைத் தட்ட வேண்டும். நடத்துனரிடம் சில்லறைக்குச் சண்டை போடுகிற பாக்கியம் அவர்களுக்கு இல்லை. ஒரு டீ 3 பவுண்டு. மொத்தம் இருபத்தொன்றரை பவுண்டு. நம்ம காசில் சுமார் 2,500 ரூபாய். அவளுடைய இரண்டு மணி நேரக் கூலிக்கும் குறைவு.

சாப்பாடு? அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்ததாம். முதல் நாள் ராத்திரி சாதம் வடித்துக் கிளறி டப்பாவில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இதைச் சொன்னதும் அவள் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "லண்டனுக்குப் புளிசாதமா எடுத்துட்டுப் போனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போய்ச் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் அவள் லெஸ்டரை விட்டு எங்கும் போகவில்லை. வகுப்பு, வேலை, தூக்கம். சனி ஞாயிறிலும் வேலை. அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் வேலை போடவில்லை. விடியற்காலை 6 மணிக்குப் பஸ். நவம்பரில் அங்கே விடிய 7 மணி தாண்டும், சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். பகல் வெளிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்ய வேண்டும். 9 மணிக்கு விக்டோரியா பஸ் நிலையத்தில் இறங்கியவள் காசை மிச்சம் பிடிக்க நடக்க ஆரம்பித்திருக்கிறாள். பக்கிங்ஹாம் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்துச் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாகப் போனாள். அங்கே ஏரியில் கூழைக்கடா! 1664இல் ரஷ்யத் தூதர் ராஜாவுக்குக் கொடுத்த பரிசாம், அதிலிருந்து அங்கே கூழைக்கடா வளர்க்கிறார்கள். "சார், வேடந்தாங்கல்ல சும்மா கிடக்குது, இங்க கூட்டம் கூடி போட்டோ எடுக்கிறாங்க" என்றாள்.

அடுத்து அந்த மணிக்கூண்டு. படத்தைப் பார்த்த எல்லாரும் பிக் பென் என்றீர்கள். பிக் பென் என்பது உள்ளே இருக்கிற பெரிய மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012இலிருந்து எலிசபெத் கோபுரம் என்று பெயர். ரிட்டயர் ஆனாலும் திருத்துகிற புத்தி போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பது அவர்கள் நாடாளுமன்றம். அதைப் பார்த்ததும் அவளுக்கு நம்ம உத்திரமேரூர் ஞாபகம் வந்திருக்கிறது. "நம்ம குடவோலை இதுக்கு முன்னாடிதானே சார்?" என்று கேட்டாள். ஆமாம், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 920 வாக்கில். இங்கிலாந்தில் ஊர்ப் பிரதிநிதிகளையும் சேர்த்துக் கூட்டிய முதல் பாராளுமன்றம் 1265இல். ஆனால் பெருமை பேசும்போது பாதியை விழுங்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னதை மறுபடியும் சொன்னேன். குடவோலையில் எல்லாரும் ஓட்டுப் போடவில்லை. நிலம், படிப்பு, வயது என்று தகுதி வைத்து, தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். "தெரியும் சார், அஞ்சு மார்க் கேள்வி" என்று சிரித்தாள்.

அவள் எனக்கு வீடியோவில் கூப்பிட்டபோது இங்கே மாலை 6 மணி. அங்கே மதியம் பன்னிரண்டரை. பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். 1759இல் திறந்த இடம், பொதுமக்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால்தான் அங்கே போனாள். லண்டனில் மற்ற இடங்களுக்கெல்லாம் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"சார், இங்க பாருங்க" என்று போனைத் திருப்பினாள். தெற்காசியக் கூடம். கல்லில் உட்கார்ந்த கோலத்தில் ஒரு பெண் தெய்வம். கீழே விவரப் பலகை. எழுத்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவளே படித்தாள்: யோகினி, காஞ்சிபுரம், பத்தாம் நூற்றாண்டு.

இந்த யோகினிகளின் கதை நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் காஞ்சி வட்டாரத்தில் ஒரு யோகினி கோயில் இருந்திருக்கிறது. கோயில் இன்று இல்லை, நின்ற இடமும் உறுதியாகத் தெரியாது. சிலைகள் அங்கங்கே கிடந்திருக்கின்றன. 1920களில் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர், பல்லவர் கலையை ஆராய்ந்து எழுதிய அறிஞர், இவற்றைக் கண்டெடுத்தார். பல சிலைகளைக் கப்பலேற்றிப் பாரிசுக்கு அனுப்பினார். அங்கே சி. டி. லூ என்ற கலைப்பொருள் வியாபாரி மூலமாக விற்பனைக்குப் போயின. இன்று ஏறத்தாழ 20 சிற்பங்கள் பத்துக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லண்டனில் உண்டு, பாரிசில் உண்டு, வாஷிங்டனில் உண்டு, கனடாவின் டொரோன்டோவில் உண்டு. நம்ம எழும்பூர் மியூசியத்திலும் உண்டு. பத்மா கைமல் என்ற பேராசிரியை இந்தச் சிலைகள் போன வழியைத் தேடி 2012இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பக்கம் சத்தமில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தால், கட்டாகவில்லை.

"சார், இவங்க எல்லாரும் ஒரே கோயில்லதானே இருந்தாங்க?"

"ஆமாம்மா."

"இனிமே திரும்பிப் போக முடியாதுல்ல சார்?"

சிலையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, கோயிலே இல்லையே, எங்கே போவார்கள் என்று பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள். கூடத்திலிருந்து வெளியே வந்து, படிக்கட்டில் குளிரில் உட்கார்ந்து, டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

படிப்பு அடுத்த செப்டம்பரில் முடிகிறது. அதற்குப் பிறகு வேலை தேடுவதற்கென்று இரண்டு ஆண்டு இருக்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள், இவள் அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவாள். அந்தக் காலத்துக்குள் விசா கொடுக்கிற கம்பெனியில் வேலை கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்குப் பொதுவான சம்பள வரம்பை 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆக்கியிருக்கிறார்கள். படித்து முடித்துப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் குறைந்த வரம்பு ஒன்று உண்டு. ஆனாலும் எளிதில்லை. இவளுக்கு முந்தின வருஷம் படித்த இரண்டு பேர் வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம்.

"கடன் அடையாம நான் வந்து நின்னா அப்பா என்ன சார் சொல்வாரு? ஊர்ல தலை காட்ட முடியுமா அவரால? வீடு போயிடுமோன்னு ராத்திரி வேலைல இருக்கும்போதெல்லாம் தோணுது. நான் திரும்பி வரவே முடியாதோன்னு இருக்குது சார்."

இதை அவள் அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "நீங்க சொல்லுங்க சார், என்னால முடியாது" என்றாள். சரி, முதலில் சாப்பிடு என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டை ஞாபகப்படுத்த வேண்டிய காலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. 2014இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போனோம். பழையசீவரம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, செங்கல்பட்டு வழியாக. ரயில் பாலூர் தாண்டுவதற்குள் தன் புளியோதரைப் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு, மதியம் என் பங்கையும் வாங்கிச் சாப்பிட்ட ஆள் இவள்! அன்று பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சென்னை. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சாயங்காலம் மெரினா. ஒரு நாள், அவ்வளவுதான். அந்த ஒரு நாளைப் பற்றி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்து வைத்துப் பேசுகிறார்கள்.

ஒரு நாள் வெளியே போய் வருவது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றுவதற்கு நம்ம மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பாலாற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்துப் பெரிய கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலை ஒட்டி 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடத்தியதற்கு அது ஆதாரம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதே கல்வெட்டில் படிக்க வந்த மாணவர்களுக்கான செலவுக் கணக்கும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு நெல், படுக்கப் பாய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய். அதோடு சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய்.

பாருங்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கணக்கு எழுதிய யாரோ ஒருவர், ஊரை விட்டு வந்து படிக்கிற பிள்ளைக்குச் சோறும் விளக்கும் மட்டும் போதாது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் வேண்டும் என்று யோசித்திருக்கிறார். அதற்கும் சேர்த்து நிதி ஒதுக்கிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம பெண் போனதும் ஒரு சனிக்கிழமைதான். அவள் எண்ணெய்ச் செலவு இருபத்தொன்றரை பவுண்டு.

படிக்கப் போன இடத்தில் படிப்பை மட்டுமே பார்த்து உடம்பையும் மனதையும் விட்டவர்கள் கதை நமக்குத் தெரியும். ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜில் தானே சமைத்துச் சாப்பிட்டார். ஊரிலிருந்து கொட்டை நீக்கிய புளி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். முதல் உலகப் போர் வந்துவிட்டது. குளிர், தனிமை, சரியாகச் சாப்பிடாதது, வேளை கெட்ட வேளையில் வேலை. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெரிய கௌரவம் கிடைத்தது. 1919இல் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, வயது 32. கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன், நம்ம ஊரிலிருந்து சென்னை போகிற மாதிரி தூரம்தான். ராமானுஜன் என்றதும் எல்லாரும் சொல்கிற 1729 டாக்ஸி கதை நடந்தது லண்டனில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஹார்டி அவரைப் பார்க்கப் போனபோது. எண்ணின் அழகைச் சொல்கிறவர்கள் அந்தக் கட்டிலை மறந்துவிடுகிறார்கள். நம்ம பிள்ளைகள் ராமானுஜன் இல்லை, அவர்களுக்கு அந்த நோயும் வர வேண்டாம். ஆனால் புளியும் தனிமையும் ராத்திரி வேலையும் அதேதான்.

இதெல்லாம் அவள் அப்பாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னேன். பிறகு மியூசியப் படிக்கட்டில் அவள் சொன்னதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னைக்கு சார் பணம் கேட்டேன் அவகிட்ட? ஒரு நாள் கேட்டதில்லை."

"கேட்கலைதான். திரும்பி வந்தாலும் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கியா?"

பதில் இல்லை. போனை எடுத்தார். இங்கே ராத்திரி பத்தரை, அங்கே மாலை 5 மணி. எடுத்த உடனே, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஜாக்கெட் யாருடையது, குளிர் எவ்வளவு, கூழைக்கடா எவ்வளவு பெரிசு என்று ஏதேதோ கேட்டார். நான் உள்ளே எழுந்து போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "பத்திரம்தானேம்மா பேங்க்ல இருக்கு, நீ இல்லையே. வேலை கிடைச்சா இரு. கிடைக்கலன்னா வா. ரெண்டு பேரும் சேர்ந்து கட்டலாம். நான் இன்னும் பதினஞ்சு வருஷம் வண்டி ஓட்டுவேன்."

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

கடன் அப்படியேதான் இருக்கிறது. கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கட்டச் சொல்லமாட்டார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்ட முடியுமா என்று பார்க்கச் சொன்னேன். கட்ட ஆரம்பித்திருக்கிறார். இங்கே வந்தாலும் வேலை இல்லாமல் போகாது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இன்ஜினியரிங் முடித்து மேல்படிப்பும் படித்த பெண்.

டீக்கடை நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்னும் ஒரு மாதத்தில் மாட்டுப் பொங்கல். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பாரிவேட்டைக்கு நம்ம ஊருக்கு வருவார். கோயில், குளம், அத்தி வரதர் என்று அத்தனை சம்பத்தையும் காஞ்சியில் விட்டுவிட்டு, வருஷத்தில் ஒரு நாள் நம்ம மலை ஏறி, காற்று வாங்கி, ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடல் போய், மற்றப் பெருமாள்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அவர் வந்து போகிற அன்று "கோயில் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்" என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. வாசலில் கோலம் போட்டுக் கும்பிடுகிறோம். இந்தப் பிள்ளைகளையும் அப்படிக் கும்பிடச் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினால், படத்துக்கு லைக் போடுவதோடு நிறுத்தாமல் ஒரு போன் போடுங்கள். வேலை கிடைத்ததா, எப்போது பணம் அனுப்புவாய் என்ற இரண்டு கேள்வியைத் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கே போனாய், என்ன பார்த்தாய், மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

பின்குறிப்பு: புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டதாம். அடுத்த வாரம் நம்ம பக்கத்திலிருந்து லெஸ்டர் போகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். அரைக் கிலோ பாட்டில்தான், கசியாமல் கட்டித் தருகிறோம்.